இருட்டுத் தெருவுக்கு யார் பொறுப்பு? பெங்களூரில் அலைந்து தெரிந்துகொண்டவை

சங்கிலிப் பறிப்பு, திருட்டு, தெருமுனையில் குடித்துவிட்டு ரகளை என்றால் நாம் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகிறோம். நானும் போனேன், போகத்தான் வேண்டும். ஆனால் எங்கள் கிராஸில் (மெயின் ரோட்டிலிருந்து பிரியும் குறுக்குத் தெருவில்) இந்தத் தொந்தரவு பெருமளவு குறைந்ததற்குக் காரணம் கடைசியில் மாநகராட்சி செய்த சின்னச் சின்ன வேலைகள்: எரியாத தெருவிளக்கை எரிய வைத்தது, குப்பை கொட்டிக் கிடந்த காலி சைட்டை (மனையை) மூடியது, விளக்கை மறைத்த மரக்கிளையை வெட்டியது, துரத்தப்பட்ட தள்ளுவண்டிகளைத் திரும்ப விட்டது. இவற்றில் எதற்கு யாரிடம் போகவேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கணவர் இல்லை, மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், அவனை ஒவ்வொன்றுக்கும் லீவு போட்டு வா என்று கூப்பிட முடியாது. தனியாகவே அலைந்தேன். இன்னொருத்தி அப்படி அலையக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பழைய கன்டோன்மென்ட் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிற பகுதி. நான் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு திரும்ப ஒன்பது, ஒன்பதரை ஆகும். 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் கிராஸுக்குள் திரும்பிய இடத்தில் பைக்கில் வந்த இரண்டு பேர் என் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். அது உடனே அறுந்துவரவில்லை, நான்தான் விழுந்தேன், கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போனார்கள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், முழங்கால் தோல் போய்விட்டது. இருபது கிராம் சங்கிலி, அன்றைய விலைக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம். எக்ஸ்ரே, கட்டு, பிசியோதெரபி என்று 14,000. கை கட்டோடு வேலைக்குப் போக முடியாமல் போன சம்பளம் 27,000. அப்புறம் வந்த மாதங்களில் ஆட்டோ, ஜெராக்ஸ், தபால், அரைநாள் லீவு என்று சிறுகச் சிறுகப் போனது ஒரு ஆறாயிரம் இருக்கும். மொத்தத்தில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பணத்தை விடுங்கள், அதற்கப்புறம் எங்கே பைக் சத்தம் கேட்டாலும் கழுத்தில் கை போய்விடும். பட்டப்பகலில், கடைக்குள் உட்கார்ந்திருக்கும்போதே. இன்னும் முழுதாகப் போகவில்லை.

முதலில் போலீஸ் பக்கம் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நேரம் முக்கியம். 2024 ஜூலை 1-இலிருந்து புதிய குற்றவியல் சட்டங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம், பிரிவு 304, அதிகபட்சம் மூன்று வருடத் தண்டனை. ஆனால் பறிக்கும்போது உங்களைக் காயப்படுத்தியிருந்தால் அது கொள்ளை, பிரிவு 309-க்குள் வரும், தண்டனை அதைவிட மிக அதிகம். அதனால் புகாரில் சங்கிலி எத்தனை கிராம் என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள், எங்கே விழுந்தீர்கள், எவ்வளவு தூரம் இழுத்தார்கள், எங்கெல்லாம் அடி என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் தடவை பார்க்கும்போதே இது பறிப்பில் பட்ட அடி என்று சொல்லி, காயச் சான்றிதழ் வேண்டும் என்று கேளுங்கள். எனக்கு இதைச் சொன்னது அந்த வார்டில் இருந்த ஒரு நர்ஸம்மா, கோலார் தங்கவயல்காரர், "கண்ணு, பேப்பர் இல்லேன்னா உன் கை வலி யாருக்கும் தெரியாது" என்றார். எஃப்ஐஆர் நகல் இலவசம், உடனே கொடுக்கவேண்டும், இது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 173-இல் இருக்கிறது. எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. பதிவு செய்யவே மறுத்தால் டிசிபிக்கு (துணை போலீஸ் கமிஷனர்) தபாலில் எழுதலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட் இருக்கிறார். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

சிசிடிவி பதிவு விஷயத்தில் இன்னும் அவசரம். சின்னக் கடைகளின் பதிவுப் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும். கர்நாடகத்தில் 2017-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, நிறையப் பேர் வந்துபோகிற பெரிய கடை, ஆஸ்பத்திரி, ஸ்கூல் போன்ற இடங்கள் கேமரா வைத்து முப்பது நாள் பதிவை வைத்திருக்கவேண்டும். ஆனால் முனைக்கடைக்காரர் அதில் வரமாட்டார், அவரிடம் அன்று இரவே போய் அழித்துவிடாதீர்கள் என்று சொல்லி வைக்கவேண்டும். எங்கள் முனையில் இருந்த பேக்கரிக்காரர் நல்ல மனிதர், கேட்காமலேயே எடுத்து வைத்திருந்தார். போலீஸ் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பைக்கின் ஹெட்லைட் வெளிச்சம் ஒரு வெள்ளைப் பந்து மாதிரி வருகிறது, போகிறது. நம்பர் தெரியவில்லை, முகம் தெரியவில்லை, நான் கீழே கிடப்பதுகூட சரியாகத் தெரியவில்லை. கேமரா வேலை செய்தது, ஆனால் தெருவில் வெளிச்சம் இல்லை. அந்தக் கம்பத்தில் விளக்கு எரிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. என் கேஸை எடுத்த எஸ்ஐ வெளிப்படையாகவே சொன்னார், "மேடம், எஃப்ஐஆர் நான் போடறேன், தேடறேன், ஆனா லைட்டு என்னால போட முடியாது, அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல." எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் எனக்குக் கிடைத்த தகவல்களில் மிகவும் உருப்படியானது அதுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். நம் அரசியலமைப்பில் போலீஸ் மாநிலத்தின் கையில். மாநகராட்சிக்கு நகரப் போலீஸ் மேல் அதிகாரம் கிடையாது. 1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது திருத்தம் உள்ளாட்சிகளுக்கு என்று 18 விஷயங்களைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது, அதில் தெருவிளக்கு, சாலை, குப்பை, பூங்கா, பொதுக் கழிப்பறை எல்லாம் இருக்கிறது, குற்றத்தைக் குறைப்பது என்று ஒரு வரி கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவற்றில் பாதி சரியாக நடக்கவில்லை என்றாலே குற்றம் செய்ய வசதியான இடம் ஒன்று தானாக உருவாகிவிடுகிறது. லண்டனில் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் சித்தப்பா மகள் சொன்னாள், அங்கே 1998-இலேயே ஒரு சட்டம் போட்டு உள்ளாட்சி மன்றமும் போலீஸும் சேர்ந்து உட்கார்ந்து குற்றத்தைக் குறைக்கத் திட்டம் போடவேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள், மன்றம் எந்த வேலையைச் செய்தாலும் அதனால் குற்றம் கூடுமா குறையுமா என்று யோசித்துத்தான் செய்யவேண்டும் என்று பிரிவு 17 சொல்கிறதாம். இங்கே அந்தக் கட்டாயம் இல்லாததால், ஒரு இன்ஜினீயரையும் ஒரு இன்ஸ்பெக்டரையும் ஒரே தெருவைப் பற்றிப் பேச வைக்கிற வேலை நம் தலையில் விழுகிறது. என்னைப் பொறுத்தவரை இது பெரிய குறை.

நான் அலைந்த காலத்தில் கார்ப்பரேட்டரும் (வார்டு கவுன்சிலர்) கிடையாது. பெங்களூரில் கடைசியாக மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2015-இல், அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரோடு முடிந்தது. அப்புறம் அதிகாரிகள்தான். முன்பெல்லாம் வீட்டு வாசலில் போய் நின்றால் கார்ப்பரேட்டர் ஒரு போன் போட்டு லைட்டைச் சரிபண்ண வைப்பார், திட்டுவதற்காவது ஒரு முகம் இருந்தது. இந்தக் காலியிடத்தில் புரோக்கர்கள் நுழைந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் "ஐயாயிரம் கொடுங்கக்கா, ஒரு வாரத்துல எல்இடி போட்டுத் தரேன்" என்று கேட்டார். தெருவிளக்குக்கு யாரும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. மாநகராட்சிக்கு எலக்ட்ரிக்கல் பிரிவு இருக்கிறது, ஏரியா வாரியாகக் கான்டிராக்டர் இருக்கிறார், பராமரிப்பு அவர் பொறுப்பு.

விளக்குக்கு முதல் இடைஞ்சல் கம்பம் யாருடையது என்பதுதான். மின்சாரக் கம்பமும் கம்பியும் பெஸ்காம் (மின் விநியோக நிறுவனம்), அதில் மாட்டியிருக்கிற விளக்கு மாநகராட்சி. மின்சாரமே இல்லை என்றால் 1912, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1533. "எங்கள் தெருவில் லைட் இல்லை" என்று சொன்னால் அந்தப் புகார் எங்கேயோ சுற்றிவிட்டு முடிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது, விளக்கு மட்டும் வரவில்லை. கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைப் பகலில் போட்டோ எடுங்கள். எண் அழிந்திருந்தால் எதிரில் இருக்கிற வீட்டு எண்ணைக் குறிப்பிடுங்கள். அதே கம்பத்தை இரவில் ஒரு போட்டோ. புகார் எண்ணைப் பழைய டைரியில் தேதியோடு எழுதுங்கள், மூடிவிட்டால் பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள். வரிசையாக மூன்று நான்கு கம்பம் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்பு கோளாறாக இருக்காது, அந்த வரிசைக்கு மின்சாரம் போகிற பெட்டியிலோ கேபிளிலோ இருக்கும், அதைப் புகாரிலேயே சொன்னால் ஆள் ஏணியோடு மட்டும் வந்து திரும்பிப் போகமாட்டார்.

நேரில் மனு கொடுப்பதாக இருந்தால் கன்னடத்தில் கொடுங்கள். நம்மில் நிறையப் பேருக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடாகப் பேச வரும், எழுதத்தான் வராது. எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், அவள்தான் எனக்கு எழுதிக் கொடுத்தாள், நான் அவளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். கன்னட மனுவை அந்த இடத்திலேயே எடுத்துப் படித்தார்கள், இங்கிலீஷில் கொடுத்தது பைலுக்குள் போய்விட்டது. இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் ஸ்வீக்ருதி சீல் (பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரை), தேதி, கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். "வெச்சுட்டுப் போங்கம்மா, பாக்கறோம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்புக்குத் தேதி கிடையாது.

அசையவில்லை என்றால் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய்தான். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும், 150 சொற்களுக்குள் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, வெளியூர் மாதிரியைப் பார்த்து நாலு பக்கம் எழுதினால் திரும்பி வரும். கேள்வியும் "ஏன் விளக்கு போடவில்லை" என்று இருக்கக் கூடாது, ஆவணமாகக் கேட்கவேண்டும். என் கேள்வி இதுதான்: இந்தக் கம்பத்துக்கு இந்தத் தேதியிலிருந்து வந்த புகார்கள் மீது எடுத்த நடவடிக்கையின் நகல், இந்த ஏரியாவின் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல். முப்பது நாள் முடிவதற்கு முன்பே கான்டிராக்டர் ஆள் வந்து புது விளக்கு மாட்டினார். எரிந்தது. அன்று ராத்திரி நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒரு தெருவிளக்குக்காக மனுஷிக்கு அழுகை வருமா என்று தோன்றியது.

ஆனால் வெளிச்சம் தரையில் விழவில்லை. மழையில் தழைத்த ஒரு மரக்கிளை விளக்கைச் சுற்றி மூடியிருந்தது. மரம் மாநகராட்சியின் வனப்பிரிவு, எலக்ட்ரிக்கல் பிரிவு தொடாது. நாமாக ஆளை வைத்து வெட்டினால் 1976-ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டப்படி நம் மேலேயே கேஸ் வரும். அதற்குத் தனிப் புகார், தனிக் காத்திருப்பு. மறுபடி முதலிலிருந்தா என்று உட்கார்ந்துவிட்டேன், பல வாரம் ஒன்றும் செய்யவில்லை. விளக்குக்குப் புகார் கொடுக்கும்போதே மேலே கிளை இருக்கிறதா என்று பார்த்து இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

காலி சைட் இதைவிடப் பெரிய கதை. எங்கள் கிராஸின் நடுவில் ஒரு சைட், இடிந்த பழைய வீட்டின் இரண்டு சுவர் மட்டும் நிற்கும். மெயின் ரோடு மதுக்கடையில் வாங்கிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்து குடிப்பார்கள், விடியற்காலையில் யாரோ வண்டியில் வந்து குப்பை கொட்டிவிட்டுப் போவார்கள், குப்பை இருப்பதால் இன்னும் கொட்டுவார்கள். என் சங்கிலியை அறுத்தவர்கள் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பைக்கோடு நின்றிருந்தார்கள் என்று எதிர்வீட்டுத் தாத்தா அப்புறம் சொன்னார். பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து சுற்றிக்கொண்டு அடுத்த கிராஸ் வழியாக வருவார்கள். 112-க்கு போன் செய்தால் ஹொய்சளா என்கிற போலீஸ் ரோந்து வண்டி வரும், எல்லோரும் ஓடுவார்கள், வண்டி போனதும் வந்துவிடுவார்கள். ஓடியவர்களில் இரண்டு பேர் எங்கள் தெருப் பையன்களே. அவர்கள் அம்மாக்கள் என்னிடம் வந்து அழுதார்கள், கேஸ் போட்டுவிடாதீங்கக்கா என்று. எனக்கு அந்தப் பையன்களைப் பிடித்து அடிக்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. உட்கார இடம் இல்லாமல் செய்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

காலி மனையைச் சுத்தமாக வைப்பது உரிமையாளரின் பொறுப்பு, செய்யாவிட்டால் மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்து, தானே சுத்தம் செய்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம். ஆனால் உரிமையாளர் யார் என்றே தெருவில் யாருக்கும் தெரியவில்லை. சொத்துவரி ரசீதில் பிஐடி எண் (சொத்து அடையாள எண்) இருக்கும், அது வார்டு, தெரு, மனை என்று வரிசையாகப் போகும். இரண்டு பக்கத்து வீட்டு ரசீதையும் வாங்கிப் பார்த்தால் நடுவில் இருக்கும் சைட்டின் எண் ஓரளவு பிடிபடும், அதை வைத்து வருவாய்ப் பிரிவில் மனு கொடுத்துக் கேட்டேன். உரிமையாளர் இறந்து, வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. ஒருவர் மங்களூரில், ஒருவர் வெளிநாட்டில். யாரும் வேலி போடத் தயாரில்லை, போட்டால் மற்றவர் உரிமை கொண்டாடுகிறார் என்பார்களாம்.

இங்கேதான் எனக்கு ஒரு வழக்கறிஞர் அம்மா உதவினார், மருந்து வாங்க வருகிறவர். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 152 என்று ஒன்று இருக்கிறது, பழைய சட்டத்தில் 133. பொதுமக்களுக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ இருக்கிற இடத்தைச் சரிசெய்யச் சொல்லி நிர்வாக மாஜிஸ்திரேட் நிபந்தனை உத்தரவு போடலாம். சொத்து யாருடையது என்ற வழக்கு அதற்குத் தடை இல்லை. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு வாரிசுகளுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், மாநகராட்சிக்கு ஒரு நகல், ஸ்டேஷனுக்கு ஒரு நகல். இணைப்பாக என் காயச் சான்றிதழ், எஃப்ஐஆர் எண். மங்களூர்க்காரர் பயந்துபோய் போன் செய்தார். நான் திட்டவில்லை, எனக்கு நடந்ததைச் சொன்னேன், உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்று கேட்டேன். அவர் பேச்சில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மாநகராட்சியே சுத்தம் செய்து தகரம் அடிக்கட்டும், செலவைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். சுவர் இடித்து, குப்பை அள்ளி, நாலு பக்கமும் தகரம் வந்தது 2025 கோடையில்.

குப்பைக்கு இன்னொரு தனி நிறுவனம், 2021-இல் தொடங்கிய பெங்களூரு திடக்கழிவு நிர்வாக நிறுவனம், அங்கே மார்ஷல்கள் இருக்கிறார்கள், கொட்டுகிறவர்களைப் பிடித்து அபராதம் போடுவார்கள். எந்த நேரத்தில் கொட்டுகிறார்கள் என்று குறித்துக் கொடுத்தால்தான் அவர்களால் பிடிக்க முடியும். எங்கள் தெரு பௌரகார்மிக (துப்புரவுப் பணியாளர்) அக்காவுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது, வண்டியின் நிறம் முதற்கொண்டு. அவரை யாரும் அதுவரை கேட்டதில்லை. தகரம் அடித்த பிறகும் வெளியே கொட்டாமல் இருக்க அவர் அங்கே பெரிய கோலம் போட்டார், தெருப் பெண்கள் சேர்ந்துகொண்டோம். நாலைந்து பூந்தொட்டி வைத்தோம், இரண்டு திருடு போனது, மறுபடி வைத்தோம்.

இதெல்லாம் வெறும் அழகு வேலை என்று சிலர் சொன்னார்கள். என் மகன் இரண்டு ஆய்வுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தான். 2016-இல் நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கூடுதலாகப் பெரிய விளக்குகள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், இரவில் வெளியிடங்களில் நடந்த கடும் குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன. பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை எடுத்து, அவற்றில் சிலவற்றைச் சுத்தம் செய்து புல், மரம் வைத்துப் பார்த்ததில் ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருக்கிறது. நம் ஊர் வேறு, பிரச்சினை வேறு, சரி. ஆனால் வார்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை "விளக்கு கேட்கிற அம்மா"வாக இருந்தேன், அன்று பேச்சை முடிக்கவிட்டார்கள்.

வார்டுக் கூட்டத்தைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாது. வார்டு கமிட்டி என்பது பத்துப் பேர், அதில் மூன்று பெண்கள், இரண்டு தலித் அல்லது பழங்குடியினர், இரண்டு பேர் குடியிருப்போர் சங்கத்திலிருந்து என்று சட்டமே சொன்னது. கார்ப்பரேட்டர் இல்லாதபோது வார்டுக்கு ஒரு நோடல் அதிகாரி (பொறுப்பு அதிகாரி) கூட்டம் நடத்தவேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று வைத்திருந்தார்கள், சில இடங்களில் ஒழுங்காக நடக்கும், சில இடங்களில் நோட்டீஸ் போர்டில் மட்டும் நடக்கும். போய்க் கேளுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பெண்களோடு போங்கள், உங்கள் விஷயத்தைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், குறிப்பின் நகல் கேளுங்கள். நான் அங்கே கேட்டது ஒன்றே ஒன்று: பீட் கான்ஸ்டபிளும் (ரோந்து வருகிற போலீஸ்காரர்) எலக்ட்ரிக்கல் ஏஇயும் (உதவி இன்ஜினீயர்) ஒரு நாள் இருட்டிய பிறகு எங்கள் கிராஸை என்னோடு நடந்து பார்க்கவேண்டும். பகலில் வந்தால் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். வந்தார்கள். ஏஇ தன் செல்போன் டார்ச்சைப் போட்டபடி நடந்தார். விளக்கை மறைத்த மரக்கிளை அதே வாரம் வெட்டப்பட்டது.

போலீஸ் பக்கமும் இப்படி ஒரு நாள் இருக்கிறது, மாதத்தின் நான்காவது சனிக்கிழமை மக்கள் குறைகேட்பு நடத்துகிறார்கள். கேஸ் விஷயமாக இல்லாமல் தெருப் பிரச்சினைக்கு அதுதான் நல்ல இடம். எங்கள் கிராஸை இரவு பீட் பாயின்ட்டில் (ரோந்தில் வந்து பார்க்கிற இடங்களில்) சேர்க்கச் சொல்லி அங்கேதான் மனு கொடுத்தேன். 2025 ஜூலையில் வீடு வீடாகப் போலீஸ் வருகிற திட்டம் தொடங்கியது, எங்கள் வீட்டுக்கு வந்த கான்ஸ்டபிளிடம் டைரியைக் காட்டினேன், அவர் பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டார். மதுக்கடை விஷயம் மட்டும் போலீஸ், மாநகராட்சி இருவரிடமும் இல்லை, கலால் துறை. எம்ஆர்பி கடைக்கு (பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மது விற்கிற கடை) விற்க மட்டும்தான் உரிமம், அங்கேயே நின்று குடிக்க விடக் கூடாது. கடை வாசலில் குடிக்கிற போட்டோவோடு கலால் ஆபீஸில் கொடுத்த பிறகு கடைக்காரரே ஆள் வைத்து விரட்ட ஆரம்பித்தார்.

எனக்கு இதில் மிகவும் மனதில் நிற்பது தள்ளுவண்டிகள். என் சங்கிலி போவதற்குச் சில மாதம் முன்புவரை எங்கள் முனையில் ஒரு இஸ்திரி வண்டி, ஒரு சுண்டல் வண்டி, மசால் பூரி வண்டி ஒன்று இருந்தன. இரவு பத்து வரை வெளிச்சமும் கூட்டமும் இருக்கும். நடைபாதை வேலை என்று எடுத்துவிட்டார்கள், வேலை முடிந்தும் திரும்ப விடவில்லை. அந்த முனை காலியானதும்தான் அங்கே பைக்குகள் நிற்க ஆரம்பித்தன. ஒழுங்குபடுத்துகிறோம் என்று வண்டிக்காரர்களைத் துரத்துவது எங்கள் தெருவில் பாதுகாப்பைக் குறைத்தது என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது, அப்புறமும் முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும். நகர வியாபாரக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் வியாபாரிகளே இருக்கவேண்டும். சுண்டல் விற்கிற தங்கம்மா அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது, தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, இவர்கள் இங்கே இருப்பது எங்களுக்குப் பாதுகாப்பு என்று மனு கொடுத்தோம். எல்லாக் கையெழுத்தும் சுலபமாகக் கிடைக்கவில்லை, மாடி வீட்டுக்காரர் ஒருவர் வண்டி நின்றால் கார் நிறுத்த முடியாது என்று கடைசிவரை போடவில்லை. இஸ்திரி வண்டியும் தங்கம்மா அக்காவும் திரும்பி வந்துவிட்டார்கள். மசால் பூரிக்காரர் ஊருக்கே போய்விட்டாராம், அது எனக்கு இன்னும் வருத்தம்.

2025 செப்டம்பர் 2-இலிருந்து பழைய மாநகராட்சி இல்லை, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்து மாநகராட்சிகள். ஆபீஸ்களும் அதிகாரிகளும் மாறினார்கள், என் பழைய மனுக்களில் ஒன்று எந்த மேஜையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஓடியது. சீல் போட்ட நகல்கள் இருந்ததால் மறுபடி முதலிலிருந்து எழுதாமல் தப்பித்தேன். உங்கள் பழைய மனுவும் தொங்கலில் இருந்தால் முதலில் உங்கள் தெரு இப்போது எந்த மாநகராட்சி, எந்த வார்டு என்று பாருங்கள், வார்டு எல்லையும் பெயரும்கூட மாறியிருக்கும்.

சங்கிலி கிடைக்கவில்லை. கண்டுபிடிக்க முடியாத வழக்கு என்று போலீஸ் முடிக்கும் அறிக்கையை இங்கே சி ரிப்போர்ட் என்பார்கள், எனக்கு அந்த நோட்டீஸ் வந்தது. வந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் யாராவது பிடிபட்டால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம், நகைக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அவர்களும் இதைத்தான் கேட்பார்கள். நகை வாங்கிய பில்லையும் தேடி எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். விளக்கு, காலி சைட், தள்ளுவண்டி மூன்றுக்கும் நான் கொடுத்த கன்னட மனுக்கள், ஆர்டிஐ கேள்வி எல்லாம் என்னிடம் இருக்கின்றன, பெயரையும் தெருவையும் மாற்றினால் போதும். வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.